பத்து இறாத்தல் மகன்

என் கணவர் பத்து இறாத்தல் நிறையில், அதாவது நாலரைக் கிலோவில், பிறந்தவர். அதை எனக்குச் சொன்னது அவர் அல்ல, பெண் பார்க்க வந்த மாமி. மகனுடைய படிப்பும் உத்தியோகமும் அதற்குப் பிறகுதான் பேச்சில் வந்தன.

எங்கள் மூத்தவன் நாலேகால் கிலோவில் பிறந்தபோது மாமி வார்டு முழுக்க நடந்து திரிந்து, "எங்கடை பக்கத்து எலும்பு" என்று சொன்னார். அவனுடைய தோள் வெளியே வராமல் சிக்கிக்கொண்டதும், டொக்டர்மார் ஓடி வந்ததும், எனக்குப் போட்ட தையலும் அந்தக் கதையில் இடம்பெறவில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக்குக்கு மாமியும் கூட வந்தார். மூத்தவனின் நிறையை நான் சொன்னதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். என்னைவிட இளையவர். பாராட்டப்போகிறார் என்று நினைத்து மாமி சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். டொக்டரோ இரத்தத்தில் சீனி பார்க்க எழுதித் தந்தார்.

சீனி கூடுதலாகத்தான் இருந்தது.

"முதல் பிள்ளை பெரிசு. உங்கடை நிறையும் கூடுதல். இப்ப சீனியும் இருக்கு," என்றார் டொக்டர். "தாயின்ரை இரத்தத்திலை கூடுற சீனி பிள்ளைக்கும் போகும். பிள்ளை கொழுத்துப்போகும். கவனிக்காட்டி இதுவும் பெரிசாத்தான் வரும்."

எனக்கு மூத்தவனின் தோள் சிக்கிய நாள் நினைவுக்கு வந்தது. மாமிக்கோ பொறுக்கவில்லை.

"டொக்டர், உது சீனி இல்லை, எலும்பு. என்ரை மகன் பத்து இறாத்தல். மகளும் அப்பிடித்தான்."

"அப்பிடியோ அம்மா? உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?"

"இருக்கு. குளிசை போடுறன்."

"பிள்ளையள் வயித்திலை இருக்கேக்கை சீனி பாத்தவையோ?"

"அந்த நேரம் ஆர் உதெல்லாம் பாத்தது?"

"அப்பவே இருந்திருக்கவும் கூடும். இப்ப சொல்லேலாது," என்று டொக்டர் மெல்லச் சிரித்தார்.

ஆட்டோவில் வீடு வரும்வரை மாமி சீலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே வந்தார். சிரிப்பை மறைக்க நான் வெளியே தோட்டங்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் தொடக்கம் இருவருக்கும் அரிசிமாப் புட்டுக்குப் பதில் குரக்கன் புட்டு. பின்னேரங்களில் ஒழுங்கை வழியே நடை. மாமி எனக்கு முன்னே விறுவிறு என்று போவார், போட்டி போலத்தான். ஆனால் அது மாம்பழக் காலம். ஒருநாள் கிணற்றடிக்குப் பின்னால் போனேன். மாமி குனிந்து நின்று கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாறு முழங்கைவரை வழிந்திருந்தது.

"மாமி, உங்களுக்கும் கூடாதெல்லோ?"

"சத்தம் போடாதையும் பிள்ளை. இந்தாரும், ஒரு சின்னத் துண்டு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

உண்மையாகவே ஒரு சின்னத் துண்டுதான் தந்தார். பிறகு வந்த கிளினிக்குகளில் என் சீனி அடங்கியிருந்தது. மாமியுடையதை நான் கேட்கவில்லை.

மகள் வில்லங்கமில்லாமல் பிறந்தாள். வார்டில் நிறுத்துப் பார்த்தபோது மூன்று கிலோ. மாமி தராசைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மிஸ்ஸி, உது சரியா நிறுக்குதோ?"

"ஓம் அம்மா. காலமை முழுக்க உதிலைதான் நிறுக்கிறம்."

"எதுக்கும் இன்னொருக்கா வையுங்கோ."

நர்ஸ் சிரித்துக்கொண்டே வைத்தார். அதே மூன்று கிலோ. மாமி பெருமூச்சுடன் பிள்ளையை வாங்கி மடியில் வைத்தார். துணியை விலக்கிக் கால்விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார்.

"விரல் நல்ல நீளம்," என்றார் என்னிடம். "நெடுத்து வருவாள்."