பெஸ்தீன்யோ புராஜெக்ட்

பொய் சொல்வதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பத்து வயதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. மாமாவுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது, பாவம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கம் பிளானோ என்ற ஊரில் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆபீசில் ஒரு ஸ்பெயின் பெண்ணோடு காதல். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய அப்பா அம்மாவை முதல்முறையாகப் பார்க்கப் போகவேண்டும். அவர்கள் ஊர்ப் பண்டிகைப் பலகாரமான பெஸ்தீன்யோவைத் தன் கையாலேயே சுட்டு எடுத்துப்போய் நல்ல பேர் வாங்குவதாகத் திட்டம். அம்மாவுக்குத் தெரிந்தால் பத்தே நிமிடத்தில் கோயம்புத்தூருக்குத் தெரிந்துவிடும். அங்கே கட்டுக் கட்டாக ஜாதகம் காத்திருந்தது.

"உனக்கு ஸ்கூல்ல ஸ்பானிஷ் புராஜெக்ட்னு சொல்லிடு கண்ணு. மிச்சத்த மாமா பாத்துக்கறேன்."

அன்று காலை சொன்னேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாணலியை எடுத்துக் கொடுத்தாள்.

மாவில் எள், சோம்பு, ஆலிவ் எண்ணெய், அப்புறம் அரை டம்ளர் வெள்ளை ஒயின். ஒயினை ஆப்பிள் ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார் மாமா. மாவைத் தேய்த்து, சதுரமாக வெட்டி, எதிரெதிர் மூலைகளை நடுவில் ஒட்டி எண்ணெயில் போட்டார். போட்டதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டது. மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நகருடா. தண்ணி தொட்டு ஒட்டோணும். ஜென்மத்துல சோமாஸ் ஒட்டுனதில்லையா நீ?"

அதன்பிறகு எல்லாம் அம்மாதான். பொன்னிறமாகச் சுட்டுத் தேனில் முக்கி அடுக்கினாள். எந்தப் பலகாரம் செய்தாலும் முதல் ஈடு சாமிக்கு வைப்பது அவள் வழக்கம். ஒயின் கலந்ததை வைத்துவிடுவாளோ என்று சாமி அலமாரியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இது சாமிக்கு வேண்டாம்," என்றாள், ஜூஸ் பாட்டிலை மூடிக்கொண்டே. அப்பாடா! ஸ்கூல் பலகாரத்தைச் சாமிக்கு வைக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இருப்பதிலேயே நல்ல எவர்சில்வர் டப்பாவை எடுத்து அடுக்கியவள், நிமிராமலே கேட்டாள். "அவங்க வீட்ல எத்தன பேரு?"

மாமாவுக்குப் புரையேறியது. நான் விடுவேனா? "அம்மா! இட்ஸ் ஃபார் மை கிளாஸ். ட்வென்ட்டி டூ கிட்ஸ்!"

"அட, ஆமால்ல." டப்பாவை என்னிடம் கொடுக்காமல் மாமாவின் கையில் வைத்தாள். "அந்த நீலச் சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுட்டுப் போடா. பெரியவங்ககிட்ட மரியாதையா பேசு."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்ப் புகைதான் காரணமென்று நினைத்தேன். கடைசி நொடியில் அவரைக் காப்பாற்றிய பெருமையில் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஸ்கூலுக்கு லீவு விட்டு நாலு நாளாகியிருந்தது என்பது எனக்கு உறைக்கப் பல வருஷங்கள் ஆயின.