குங்குமம் காட்டிக்கொடுத்த பீரங்கிக் குண்டு

இரண்டு வருடங்களுக்கு முன், டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் இருக்கும் எங்கள் வீட்டில், ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்தது இது.

எனக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. பழைய போர் விமானங்களின் பீரங்கிக் குண்டுகளைச் சேர்ப்பேன். பயப்பட வேண்டாம், எல்லாமே வெடிமருந்து இல்லாத வெறும் உலோகம்தான். அதை உறுதி செய்யாமல் எதையும் வீட்டுக்குள் விடமாட்டேன். சேர்ப்பதைவிட, எது எந்தப் பீரங்கியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்குக் கிறுக்கு. பிழைப்புக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறேன். அங்கேயும் இதே துருவல் புத்திதான்.

அந்த வருடம் ஒரு கண்காட்சியில், கலந்துகட்டிய பெட்டி ஒன்றிலிருந்து மழுங்கிய மூக்குள்ள ஒரு குண்டை வாங்கினேன். அடிப்பக்கம் இருந்த செம்பு வளையம் வழக்கத்தைவிட அகலம். சோதனையோடு கைவிடப்பட்ட ஒரு பீரங்கியைப் பற்றி என்னிடம் ஒரு பழைய கையேடு இருந்தது. அளந்து பார்த்தால் அதிலிருந்த அளவுகள் அப்படியே பொருந்தின. தலைகால் புரியாமல் எங்கள் சேகரிப்பாளர் சங்கக் கூட்டத்தில் போய்ச் சொன்னேன்.

சங்கத்தின் மூத்தவர் விமானப்படையில் ஆயுதப் பிரிவில் இருந்தவர். குண்டை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தார். யாரோ கராஜில் லேத்தில் கடைந்தது, டேபிள் லாம்ப் செய்ய நன்றாக இருக்கும் என்றார். அறையே சிரித்தது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பீரங்கியில் சுட்ட குண்டு என்றால் குழாய்க்குள் சுருளாக ஓடும் வரிகள் செம்பு வளையத்தில் பதிந்திருக்க வேண்டும். என் குண்டின் வளையமோ யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கி, பிறகு கறுத்துப்போய், மொழுமொழுவென்று இருந்தது. அதன்பிறகு அங்கே யாரும் என்னிடம் எதையும் காட்டி அபிப்பிராயம் கேட்கவில்லை. பத்து வருடம் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர் போய்விட்டது. ஒரு கட்டத்தில் நானே என்னை நம்பவில்லை.

ஆயுத பூஜை வந்தது. லேப்டாப், கார் சாவி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் சாமி முன்னால் ஏறின. நான் குண்டுகளையும் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினேன்.

"சரஸ்வதி பக்கத்துல குண்டை வெச்சா சாமி டென்ஷன் ஆகாதா?" என்றார் கணவர்.

"ஆயுத பூஜைன்னு சொல்லிட்டு லேப்டாப்புக்கு மட்டும் பொட்டு வெச்சா எப்படி? இந்த ஊர்ல ஒரிஜினல் ஆயுதம் இருக்கறது நம்ம வீட்லதான்" என்றேன்.

பொட்டு வைக்கும் வேகத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். சேகரிப்பாளர்கள் குண்டின்மேல் விரல் ரேகைகூடப் படவிடமாட்டார்கள். மறுநாள் எடுத்தால், ஈரக் குங்குமம் வழிந்து செம்பு வளையம் முழுக்க அப்பியிருந்தது. என்னையே திட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தேன். கறுப்பு திரும்பி வந்தது. ஆனால் அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் மட்டும் அழியாமல் நின்றன. சம இடைவெளியில், எல்லாமே இடப்பக்கம் சாய்ந்து. தேய்த்ததில் கண்ணுக்குத் தெரியாமல் போன பள்ளங்களில் குங்குமம் தங்கியிருந்தது.

வெள்ளைக் காகிதத்தில் வளையத்தை ஒரு முழுச் சுற்று உருட்டினேன். கோடுகள் பதிந்தன.

"என்னங்க, இங்க வந்து கொஞ்சம் கவுண்ட் பண்ணுங்க."

பன்னிரண்டு என்றார். கையேட்டைத் திறந்தேன். பன்னிரண்டு வரிகள், இடச்சாய்வு. லேத்தில் கடைந்த போலியில் இது வராது, பீரங்கியில் சுட்டால்தான் வரும். அன்று நான் போட்ட கூச்சலை விஜயதசமிக்கு வந்திருந்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் குண்டையும் காகிதத்தையும் எடுத்துப் போனேன். மூத்தவர் லென்ஸை வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு தன் நோட்டைத் திறந்து, என் குண்டுக்கு எதிரே அன்று "போலி" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நான் சொன்ன பீரங்கியின் பெயரை எழுதினார். எல்லோர் முன்னாலும் கை குலுக்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு விடாமல், தனக்குப் பிடிபடாத ஏழு குண்டுகளை என் முன்னால் வைத்து, அந்தச் சிவப்புப் பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்டில் வாங்கிய ஒரு குங்குமப் பொட்டலம் இப்போது அவருடைய கருவிப் பெட்டியில் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் சொல்வதைக் கேட்டு ஒரு அறையே சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி பொறுமையாக எண்ணிப் பார்க்கிறேன்.