முடிவைக் கேட்காமல் ஓடினேன்

எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. பள்ளியைப் பாதியில் விட்டவன். மலேசியாவில், வடக்கு சிலாங்கூர் தோட்டங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிப் பிழைக்கிறேன். மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம் என்றே நினைத்தேன். வயிற்றுவலியும் சேரவே மருத்துவமனைக்குப் போனேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, பெருங்குடலில் கட்டி இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்துவிட்டு, முடிவு தெரிந்துகொள்ள அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

கட்டி என்றால் புற்றுநோய்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். சாவுச் செய்தியை உட்கார்ந்து கேட்க மனம் வரவில்லை. கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்டு, சுங்கை பெசார் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டேன். அங்கும் நிம்மதி இல்லை.

ஒருநாள் காலை வேலையின்போது வலி தாங்காமல் சுருண்டு விழுந்தேன். கூட வேலை செய்த முனியாண்டி, "சாவுறதுனா லோரில ஏறிட்டு சாவு மச்சான், மண்டோர் என்னையில்ல ஏசுவான்!" என்று மேற்பார்வையாளனுக்குப் பயந்தவன் போலத் திட்டிக்கொண்டே, என்னை லோரியில் தூக்கிப் போட்டு, நான் முதலில் போன அதே மருத்துவமனைக்கு ஓட்டினான்.

அதே டாக்டரம்மாதான் பார்த்தார். "எங்க போனீங்க லா, அண்ணே? இது கொழுப்புக் கட்டி. அபூர்வமா வரும், புற்றுநோய் இல்ல. பெருசா இருக்கு, எடுத்துடணும்னு சொல்லத்தான் போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தோம். இப்போ அது குடல குடலுக்குள்ளயே இழுத்துக்கிச்சு, அதான் இந்த வலி."

அன்றே அறுவைச் சிகிச்சை செய்து, குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்குமாம்.

இப்போதும் தோட்டம் மாறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எண் மாற்றினால் முதலில் மருத்துவமனைக்குச் சொல்கிறேன். மறுபரிசோதனை முடிவு சொல்லும் நாளில் கால் எவ்வளவு பரபரத்தாலும், என் பெயரைக் கூப்பிடும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை.