மூன்றாவது கானின் நோயாளி

"வீட்டில நோயாளி கிடக்கு நானா, இதையும் நிரப்புங்க" என்று பௌசர்காரரிடம் சொல்லிக்கொண்டே மூன்றாவது பிளாஸ்டிக் கானைத் தண்ணீர் பௌசர் வண்டியின் குழாய்க்கு நேரே தள்ளிவிடுவாள் சுலோஜனா. ஒரு கொட்டிலுக்கு இரண்டு கான் என்பதுதான் கணக்கு. சுனாமியில் கடல் வந்துபோனதிலிருந்து பெரியகல்லாற்றுத் தகரக் கொட்டில்களில் இருக்கிற நாங்கள் எல்லோரும் அந்தக் கணக்குக்குள்தான் குடித்துச் சமைக்கிறோம். அவள் மட்டும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு மூன்று கொண்டுபோவாள். பின்னால் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நோயாளி என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னப்பூரணி அக்காவும் நானும் மாரி பிஸ்கட்டும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். சுலோஜனா தையல் மெஷினில் இருந்தாள்.

"ஆர் புள்ள நோயாளி? எங்க கிடக்கு?" என்று அக்கா கேட்க, விழிவிழியென்று விழித்துவிட்டு மெஷினுக்குக் கீழே கையைக் காட்டினாள். அங்கே ஒரு பால்மாத் தகரப் பேணியில் அந்தூரியம் பூச்செடி. கருகிய இலை இரண்டு, அவையும் தொங்கிக்கொண்டு.

"பூங்கண்டுக்கா நான் தோடம்பழம் வாங்கினன்?" அக்கா போட்ட சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. சுலோஜனா சிரித்தாள் பாருங்கள், எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் மூவரும் பாயில் புரண்டு புரண்டு சிரித்தோம். பிஸ்கட்டும் அன்றே தீர்ந்தது.

சிரித்து முடியத்தான் சுலோஜனா அழுதாள். அந்தூரியம் தங்கச்சி மேனுகாவுடையது. குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது, "இத மட்டும் பாத்துக்கொள் அக்கா" என்று தந்துவிட்டுப் போனாளாம். இவள் அதைக் குசினிக்குப் பின்னால் போட்டுவிட்டு, தங்கச்சி போனில் கேட்கும்போதெல்லாம் "ஓம் ஓம், பூத்துக் கிடக்கு" என்று அளந்துகொண்டிருந்தாள். பிறகு கடல் வந்தது. மேனுகாவின் பெட்டி, சேலைகள், படங்கள் எல்லாம் போய்விட்டன. வேலியில் சிக்கிக் கிடந்த இது மட்டும்தான் மிஞ்சியது.

"சித்திரைக்கு அவள் வாறாள், மச்சாள். அவள்ட கையில குடுக்க என்னட்ட வேறென்ன கிடக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் வாளி வாளியாக ஊற்றினாளாம். இலை கருகக் கருக, தண்ணீர் போதவில்லையென்று இன்னும் ஊற்றினாள். கடல் புகுந்த கிணறு உப்பென்று ஊருக்கே தெரியும். தினமும் அதில் குளிக்கிற எங்களுக்கு அது மறந்தும் போய்விடும். ஒருநாள் பேணி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தவள் ஐயோவென்று கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்துதான் மூன்றாவது கான். இப்போதும் தினம் மண்ணை நக்கிப் பார்ப்பாள். "இண்டைக்கு உப்புக் குறைவு" என்று, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல் கொட்டில் கொட்டிலாகப் போய்ச் சொல்வாள். உச்சி வெயிலில் தகரம் கொதிக்கும்போது தனக்கு விசிறமாட்டாள், பேணிக்கு விசிறுவாள். பைத்தியம்தான், வேறென்ன!

கதை பௌசர்காரர் அசனாரின் காதுக்கும் போய்விட்டது. மறுநாள் குழாயைத் திறக்காமல், "என்ன தங்கச்சி, நோயாளிக்கு இலை முளைக்குமாமே?" என்றார். சுலோஜனாவின் முகம் செத்துவிட்டது.

"பொய்தான் சொன்னன் நானா. ஆனா அது செத்தா நானும் செத்தன்."

அசனார் தாடியைச் சொறிந்தார். "அப்ப, பொழச்சா எனக்கொரு கண்டு தரணும்" என்றபடி குழாயைத் திறந்துவிட்டார். லஞ்சம்! என் கண்ணுக்கு முன்னாலேயே! ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ஒரு கண்டு வேண்டுமே.

பங்குனி முடிகிற நேரம் நடுவால் ஒரு இலைச்சுருள் எழும்பி, செம்பு நிறத்தில் வழுவழுவென்று விரிந்தது. அன்னப்பூரணி அக்கா கண்ணூறு படாமல் ஈர்க்கில் முட்டைக்கோது குத்திவைத்தார். பூ இல்லை. சுலோஜனா என்னவோ பூந்தோட்டமே கிடைத்தவள்போல் குதித்துத் திரிந்தாள்.

மேனுகாவை ஏற்றிவந்த வான் ஆமி செக்பொயின்ற்றுகளில் நின்று நின்று பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. சுலோஜனா காலையிலிருந்தே பேணியை நெஞ்சோடு அணைத்தபடி ஒழுங்கை முனையில் நின்றாள். கதவு திறந்ததும் "அக்கா!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி மேனுகா ஓடிவந்தாள். இவளுக்கும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. தங்கச்சி கிட்ட வந்ததும் சுலோஜனா வெடுக்கெனத் திரும்பி முதுகைக் கொடுத்தாள்.

"பின்னால கட்டிப்பிடி புள்ள! முன்னுக்கு இலை வந்திருக்கு."