இரண்டு பெட்டி, ஒரு புள்ளடி: ஓடர் ஆற்றுக்கு ஒரு ஞாயிறு

ராசா, நீங்கள் போய் மூன்று மாதத்திற்குப் பிறகு முதன்முதலாக ரயிலேறினேன்.

என்னோடு பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் போலந்துக்காரி டனூட்டாதான் கூப்பிட்டாள். அவளுடைய நாட்டில் புது ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் நாள். அவளுக்கு வாக்கு ஆற்றுக்கு அக்கரையில், தாயின் ஊரில். "தனிய ஏலாது, சாந்தி" என்றாள். அவள் எங்களிடம் பொறுக்கிய தமிழ் அவ்வளவுதான், மிச்சப் பேச்செல்லாம் ஜெர்மன்.

வீட்டில் இருந்தால் அந்த விதவைப் பென்ஷன் விண்ணப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் தடவை "மணமானவர்" என்ற பெட்டியில் சரி போட்டேன். "கணவரை இழந்தவர்" என்ற பெட்டியில், பிழை என்று குறுக்கே இரண்டு கோடு கீறிப் பெரிய புள்ளடி போட்டேன். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் படிப்பித்த கணக்கு அது. இங்கே ஜெர்மன்காரருக்குப் புள்ளடி என்றால் ஓமாம். இரண்டுக்கும் ஓம் என்றால் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை டெர்மின், கந்தோருக்கு நேரில் வரச்சொல்லிக் குறித்த நாள். புதுத் தாள் கைப்பையில் வெறுமையாக இருந்தது.

நொய்கெல்னில் காலை 8.10க்கு ஏறி, ஒஸ்ட்குரொய்ஸில் மாறினால், அங்கிருந்து பிராங்பேர்ட் ஓடர் ஒரு மணித்தியாலமும் சொச்சமும். விமான நிலையம் உள்ள பிராங்பேர்ட் வேறு, போகிறவர்கள் பார்த்து டிக்கெட் எடுங்கோ. வெளியே பைன் மரங்கள் காலைப் பனிப்புகாருக்குள் நடந்துகொண்டே வந்தன. எதிரில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று, உங்கள் நீளக் காலுக்கு இடம்விட்டு என் காலை ஒடுக்கி வைத்திருந்தேன்.

நிலையத்திலிருந்து பாலத்திற்கு நடை இருபத்தைந்து நிமிடம். பாலத்தின் நடுவில் நாடு மாறியது காலுக்குத் தெரியவில்லை.

வாக்குப் போட்டு வந்தவளின் விரலைப் பிடித்துப் பார்த்தேன். "மை பூசேல்லையோ?"

"நான் என்ன மாடோ, குறி சுட?"

கடையில் காபி, போலந்துக் காசில் பதினொரு ஸ்லோட்டி. "பழையவர் பத்து வருசம் இருந்திட்டுப் போறார். ரெண்டு பேர் நிக்கினம். ஒராளுக்குத்தான் புள்ளடி கீறலாம்" என்றாள். "அம்மாவின்ர காலத்தில, கம்யூனிஸ்ட்காரர் இருக்கேக்க, பேருக்கு மேல கீறினால் அந்த ஆள் வேண்டாம் எண்டு அர்த்தம். ஒண்டும் கீறாமப் போட்டால் அதை ஓம் எண்டு எடுத்திடுவாங்கள்."

"சும்மா விட்டாலும் ஓமோ?"

"ஓமடி!"

திரும்பும்போது ரயிலில் பொலிஸ் பார்க்கும், பாஸ்போட் கட்டாயம் கொண்டுபோங்கோ. ஜெர்மன் பக்கம் ஞாயிறு கடை பூட்டு, சாப்பாட்டை அக்கரையிலேயே முடித்துவிடுங்கோ.

என்னிடமும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அந்தப் புதுத் தாளை மடியில் வைத்து, "கணவரை இழந்தவர்" பெட்டியில் புள்ளடி போட்டேன். ரயில் ஆடியதில் கோடு கொஞ்சம் வெளியே போய்விட்டது. "மணமானவர்" பெட்டியில் ஒன்றும் கீறாமல் விட்டிருக்கிறேன். அதை நீங்கள் எப்படி எடுப்பீர்கள், ராசா?