குங்குமம் வைத்த பிப்பெட்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு பி.சி.ஆர். மெஷின் வந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். லேப்பிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறை அதற்குத்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவோம். கோயிலுக்குக்கூட அவ்வளவு பயபக்தியோடு நான் போனதில்லை. இப்போது ரத்தத்தில் இருக்கும் கிருமியை ஒரு மணி நேரத்தில் சொல்லும் பெட்டிகள் வந்துவிட்டன. வரட்டும். அந்தப் பழைய மெஷினின் உறுமல் சத்தம் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது.

அதற்கு முன்பு கல்ச்சர் பாட்டில்தான். காய்ச்சல்காரர் ரத்தத்தை அதில் விட்டு, கிருமி வளர்ந்து கலங்குகிறதா என்று பார்ப்போம். ஏழு நாள் கலங்காவிட்டால் பாட்டில் குப்பைக்குப் போகும். வெளியே கிருமியைக் கொல்லும் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு லேசில் கலங்காது. பி.சி.ஆர். அப்படியில்லை. ரத்தத்தில் டைபாய்டு கிருமியின் மரபணு துளி இருந்தாலும் அதைக் கோடிக்கணக்காகப் பெருக்கி, ஜெல்லில் ஒரு கோடாகக் காட்டிவிடும். ஆபத்தும் அதுவேதான். பெருக்கியதில் ஒரு துளி அடுத்தவர் குழாயில் பட்டால் ஊரில் எல்லாருக்கும் டைபாய்டு என்றே காட்டும்! அதனால் ரத்தத்தைக் கலக்கும் அறை தனி, பெருக்கியதைப் பார்க்கும் ஜெல் அறை தனி, துளித் துளியாக அளந்து விடும் பிப்பெட்டுகளும் தனித்தனி. ஜெல் அறைப் பிப்பெட்டுகளில் அடையாளத்துக்கு என் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன்.

“பிப்பெட்டுக்கும் அலங்காரமா, சாந்தாமணி?” என்று எங்கள் டாக்டரம்மா கேலி செய்வார்.

ஆயுத பூஜை வந்தது. கோயமுத்தூரில் ஸ்பேனருக்கே பொட்டு வைக்கிறவர்கள் நாங்கள், பி.சி.ஆரை விடுவோமா? இரண்டு அறைப் பிப்பெட்டுகளையும் ஒரே மேஜையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி சுண்டல் தின்று வீட்டுக்குப் போனோம். லீவு முடிந்து வந்து, சிவப்புப் பொட்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப எடுத்து வைத்தவள் நான்தான். எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு இருந்ததே, அது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அன்றைக்குப் பி.சி.ஆருக்கு வந்தது பொன்னுசாமி என்பவரின் ரத்தம். காங்கேயம் பக்கத்து விவசாயி. மூன்று வாரமாகக் காய்ச்சல், வேர்வை, நிமிர முடியாத முதுகுவலி. ஏற்கெனவே வைத்த கல்ச்சர் பாட்டில் ஆறாம் நாளும் தெளிவாகவே இருந்தது. அவர் மனைவி சரசக்கா லேப் வாசல் பெஞ்சிலேயே கிடந்தார்.

ஜெல்லில் அவர் வரிசையில் பளிச்சென்று கோடு! உடனே படம் தரும் கேமராவில் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு, அது தெளிவதற்குள் வெளியே ஓடினேன்.

“ஏனுங்கக்கா, டைபாய்டுங்க! கண்டுபுடிச்சுட்டோமுங்க!”

“அப்பாடி! பேரு தெரிஞ்சுபோச்சில்லீங்க அம்மணி, இனிப் பொழைச்சுக்குவாரு.” கையெடுத்துக் கும்பிட்டு அழுதார்.

திரும்பி வந்தால் போட்டோ தெளிந்திருந்தது. கடைசி வரிசை வெறும் தண்ணீர். சோதனை சரியா என்று பார்க்க வைக்கும், ரத்தமே விடாத குழாய். அதிலும் கோடு. கலக்கும் அறைப் பிப்பெட்டை எடுத்து ஸ்பிரிட்டால் குங்குமத்தைத் துடைத்தேன். அடியில் என் நெயில் பாலிஷ்.

வேறு யாரும் அந்தப் போட்டோவைப் பார்க்கவில்லை. ஓரத்தைக் கத்தரித்துவிடலாமா என்று தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கத்தரித்தால் பொன்னுசாமிக்கு டைபாய்டு ஊசி ஏறும். மறுநாள் பாட்டில் குப்பைக்குப் போகும். அதன்பிறகு அவர் நோயை யார் தேடுவார்கள்? போட்டோவை டாக்டரம்மாவிடம் நீட்டி, சரசக்காவிடம் சொல்லியாகிவிட்டது என்றேன்.

“அந்தம்மாகிட்டச் சொன்னது யாரு?”

“நானுங்க டாக்டர்.”

“அப்ப நீயே போயி இல்லைன்னு சொல்லு.”

சொன்னேன்.

“கும்புட்ட கையை எறக்கலீங்க, அதுக்குள்ள இல்லைங்கறீங்க? உங்களைப் போயி நம்பிப்போட்டனே!”

வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுந்து போக மனசு வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். திட்டித் தீர்ந்ததும் அவர் புலம்ப ஆரம்பித்தார். “ரெண்டு மாசத்துக்கு முன்னால மாடு மாசம் ஆகறதுக்கு முன்னயே கன்னு வீசிப்போட்டுதுங்க. இவருதான் வெறுங்கைய உள்ள உட்டு நஞ்சுக்கொடிய எடுத்தாரு. அதுலருந்து எங்க ஊட்டுல ஒண்ணுமே சரியில்லீங்க.”

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“மாட்டுல கன்னு வீச்சு உண்டாக்குற கிருமி மனுசனுக்கும் வரும். மெதுவாத்தான் வளரும். அந்தப் பாட்டிலைத் தொடாதே, மூணு வாரம் வை.”

பிப்பெட்டுகளைச் சரியாக மாற்றிவைத்து மறுபடி ஓட்டியதில் டைபாய்டு இல்லை. பதிமூன்றாம் நாள் பாட்டில் கலங்கியது. டாக்டரம்மா சொன்ன அதே கிருமி. ஆறு வாரம் மாத்திரை.

அடுத்த ஆயுத பூஜையிலிருந்து பிப்பெட்டுகளுக்குச் சந்தனம் மட்டும்தான், அதுவும் அந்தந்த அறையிலேயே. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்: தண்ணீர்க் குழாயை முதலில் பாருங்கள், வாயை அப்புறம் திறவுங்கள்.

மாத்திரை முடிந்து பொன்னுசாமி முதுகு நிமிர்ந்து நடந்து வந்தார். சரசக்கா லேப் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, இன்னிக்காச்சும் பார்த்துச் சொல்லுங்க. நல்லாயிட்டாருங்களா?”

“டாக்டரம்மாவைக் கேட்டுட்டு வந்து சொல்றேனுங்கக்கா” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.