ஜிமிக்கி ஏறாத காது

இன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கள் நகைக்கடையின் புதுக் கிளையைத் திறந்தார்கள். நான் கம்மல் கவுண்டரில் நிற்பவள்.

ரிப்பன் வெட்ட வந்தவள் நம் மாவட்டத்துக் கல்லாவிப் பக்கத்துப் பெண். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் ஒலிம்பிக் வரை போய், முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியவள்.

விளம்பரப் படத்துக்காக அவளுக்கு ஜிமிக்கி போட்டுவிடச் சொன்னார் முதலாளி. முடியை ஒதுக்கினேன். இரண்டு காதும் வீங்கி, மடங்கி, கல்லாய் இறுகியிருந்தன. துளை இருந்த இடமே தெரியவில்லை.

“வலிக்கிதாம்மா?”

“இல்லக்கா. சின்ன வயசுலருந்து பிடியில நசுங்கி நசுங்கி இப்பிடி ஆயிடுச்சி. எங்க ஆட்டத்துல நெறைய பேருக்கு இப்பிடித்தான்” என்று சிரித்தாள்.

முதலாளி சிரிக்கவில்லை. அவள் எதிரிலேயே சொன்னார்:

“மெடல் இருந்திருந்தா கழுத்தப் பாப்பாங்க. இல்லாதப்ப காதத்தானே பாப்பாங்க?”

அவள் அந்தச் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளை ஒரு படம் எடுத்துக்கொண்டு, சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். “அந்த ஜிமிக்கிய நீ போட்டுக்க. சைடுல திரும்பி நில்லு.”

போட்டோ எடுத்தார்கள். கவுண்டரில் நிற்பவளையும் விளம்பரத்தில் போடுகிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

சாயங்காலம் கடை வாசலில் பேனர் ஏறிவிட்டது. முகம் அவளுடையது. காது என்னுடையது. கீழே, ‘மண்ணின் வீராங்கனைக்கு வாழ்த்துகள்’.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவள் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியதை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிய காது, எடுப்பாக இருக்கிறதா?